டஸ்கீகி விஞ்ஞான மண்டபம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், அடிமையாய்ப் பிறந்த புக்கர் வாஷிங்டன் 1881ஆம் ஆண்டில் கறுப்பின மாணவர்க்கென ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கினார். அதன் கட்டடங்களை மாணவரே எழுப்புதல் வேண்டும் என்பது அவர்தம் துணிபு. படிக்கச் சென்ற பிள்ளைகள் மண் பிசைவதா எனப் பெற்றோர் பலர் முறையிட்டனர், அவர் இணங்கினாரல்லர்.

செங்கல் சுடுதலே பெருஞ் சோதனையாயிற்று. முதற் சூளை பழுதாயிற்று, இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவது, சுட்டு முடியுந் தறுவாயில் நள்ளிரவிற் சரிந்து வீழ்ந்தது. கையிற் பணமின்றி, வாஷிங்டன் தம் கடிகாரத்தை ஈடுவைத்து 15 டொலர் பெற்று நான்காவது சூளையை மூட்டினார். அதிலேதான் நற்செங்கல் வெந்தது, கடிகாரமோ மீளவேயில்லை. களிமண்ணின் தன்மை, வெப்பத்தின் அளவு, சூளையின் அமைப்பு ஆகியவற்றை மாணவர் நூலாலன்றித் தோல்வியாற் கற்றனர். ஆய்கூடம் எழுமுன்னரே ஆய்வு தொடங்கிவிட்டது எனலாம்.

மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவரான ரொபேட் டெயிலர், 1892இல் இங்கு வந்து சேர்ந்தார். அக்கழகத்தில் அவர் பயின்றது கட்டடக்கலை. அவர் வரைந்த விஞ்ஞான மண்டபம் 1893இல் எழுந்தது. செங்கல்லும் உழைப்பும் மாணவருடையன.

கருவிகள் வாங்கவோ பொருளில்லை. 1896இல் டஸ்கீகிக்கு வந்த ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர், குப்பைமேடுகளிற் பொறுக்கிய போத்தல்களையும் பழைய பாத்திரங்களையுங் கொண்டே தம் ஆய்கூடத்தை அமைத்தார். 1901இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் வாஷிங்டன் கணக்குரைத்தபோது, அங்கிருந்த 40 கட்டடங்களுள் நான்கு ஒழிய ஏனையவை பெரும்பாலும் மாணவர் கைவேலையாகவே இருந்தன.