கணினிக்குள் ஓர் உரிமைப் போர்

மஸ்கெலியாவின் லயன் அறையொன்றில், பழைய மடிக்கணினியில் நிரல் எழுதப் பழகும் மாணவனுக்கும் அமெரிக்க நிறுவனங்களின் ஆக்கவுரிமைப் பிணக்குகளுக்கும் என்ன தொடர்பு எனச் சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு என்பதே நமது கருத்தாகும்.

கணினியின் மூளை முறைவழியாக்கி, அதாவது புரொஸஸர். விண்டோஸ், லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமைகள் அதன் மீதே இயங்குகின்றன. ஒவ்வொரு வகை முறைவழியாக்கிக்கும் தனியான கட்டளைத் தொகுதி உண்டு. ஒன்றுக்கென எழுதப்பட்ட மென்பொருள் மற்றொன்றில் இயங்க வேண்டுமாயின், இடையே மொழிபெயர்ப்பு போன்றதோர் ஏற்பாடு தேவை. பிணக்கு எழுவது இவ்விடத்திலேயே.

இன்டெல் நிறுவனம் 1978 இல் 8086 முறைவழியாக்கியை வெளியிட்டது. அக்கால ஆக்கவுரிமைகள் காலாவதியாகிவிட்டன. ஆயினும் பின்னர் சேர்க்கப்பட்ட கட்டளைகளுக்கு அது புதிய உரிமைகளைப் பெற்றது. 2016 டிசெம்பரில், குவல்கொம் நிறுவனத்தின் ஆர்ம் வகை முறைவழியாக்கியில் விண்டோஸையும் இன்டெலுக்கென எழுதப்பட்ட மென்பொருட்களையும் இயக்கும் திட்டத்தை மைக்ரோசொப்ட் அறிவித்தது. 2017 ஜூனில் இன்டெல், எவரையும் பெயர் குறிப்பிடாது, தனது உரிமைகளைக் காக்கப்போவதாக எச்சரித்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இத்தகைய மொழிபெயர்ப்பு முறையைக் கையாண்ட டிரான்ஸ்மெட்டா என்ற சிறிய நிறுவனம் 2006 இல் இன்டெலுக்கு எதிராகவே வழக்குத் தொடுத்தது. 2007 இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி 15 கோடி டொலரும், மேலும் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2 கோடி டொலரும் அதற்கு வழங்க இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆக்கவுரிமை பலவானின் வேலியாகலாம், எளியவனின் கேடயமுமாகலாம்.

அயல்நாடான இந்தியாவிலும் இவ்விவாதம் நிகழ்ந்தது. கணினி நிரலுக்கு, அது நிரல் என்ற அளவில் மட்டும், ஆக்கவுரிமை இல்லை என்பது அந்நாட்டுச் சட்டம். வன்பொருளுடன் இணைந்த நிரலுக்கு உரிமை வழங்க 2004 டிசெம்பரில் அவசரச் சட்டம் வழிவகுத்தது. 2005 இல் பாராளுமன்றம் அதனை ஏற்கவில்லை. எனினும் தொழில்நுட்பப் பயன் தரும் கண்டுபிடிப்பை, நிரல் சார்ந்தது என்பதற்காக மட்டும் நிராகரிக்கலாகாது என 2019 இல் டில்லி உயர் நீதிமன்றம் கூறியது.

நமது நாட்டில் 2003 இன் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பளிக்கிறது. சொந்தமாக எழுதிய நிரலுக்கு அதனைப் பெறப் பதிவு அவசியமில்லை. ஆக்கவுரிமை அவ்வாறன்று, விண்ணப்பித்தே பெற வேண்டும். அதன் ஆயுள் 20 ஆண்டுகள். பெற்ற நாட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும்.

இவ்வேறுபாட்டை அறியாத இளைஞர், தமது ஆக்கத்தைப் பிறரிடம் இழக்கவும் பிறர் உரிமையை அறியாமல் மீறவும் கூடும். எனவே இவ்வறிவு கொழும்போடு நின்றுவிடலாகாது. மலையகத்தின் தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்கு அவர்தம் தாய்மொழியிலேயே பாடசாலைகளில் இது புகட்டப்படுவது அவசியமென வலியுறுத்த விரும்புகின்றோம்.