பக்கம் புரட்டினால் நாடகம்

1965 அக்டோபர் 15, கிரீன்விச் நேரப்படி இரவு 10 மணி. இந்தியாவில் அப்போது மறுநாள் விடிகாலை மூன்றரை. சரியாக அந்த நேரத்தில் நீங்கள் எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அல்லது எந்தத் திசையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தீர்கள்? எழுதி அனுப்புங்கள் என்று பல நாடுகளில் இருந்தவர்களுக்குத் தபாலில் ஒரு வேண்டுகோள் போனது. அனுப்பியவர் மியேகோ ஷியோமி, இருபதுகளில் இருந்த ஜப்பானிய இசைக் கலைஞர். வந்த பதில்களெல்லாம் சேர்ந்து ஒரு வரைபடம் ஆயின. இப்படி 1965 முதல் 1975 வரை ஒன்பது ‘வெளிக் கவிதை’களை அவர் நடத்தினார். ஒன்றில், ஒரு சொல்லை அட்டையில் எழுதி எங்காவது வைத்துவிட்டு இடத்தைத் தெரிவிக்க வேண்டும். இன்னொன்றில், எதையாவது கீழே விழச் செய்ய வேண்டும்.

இதில் பிரதி இருக்கிறது. குறித்த நேரம் இருக்கிறது. நடிப்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். காசு கொடுத்து எதிரே உட்கார்ந்து பார்ப்பவர் மட்டும் கிடையாது. தாளைப் படிப்பவரே நடிகர் என்ற இந்தப் பரிசோதனை நாடக வகைக்கு ஷியோமியின் கடிதங்களைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இன்று இதே வேலையை ஒற்றை ஏ4 தாளில் செய்கிறார்கள். தாளை மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள். நடுவில் ஒரே ஒரு வெட்டு. மறுபடி மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் எட்டுப் பக்கப் புத்தகம். பசை வேண்டாம், பின் வேண்டாம். இந்த மாதிரிக் கையால் செய்த வெளியீடுகளை மேற்கில் ‘ஜீன்’ என்கிறார்கள். 1930களில் அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர்கள் தொடங்கிவைத்ததை, 1970களில் பங்க் இசை ரசிகர்கள் ஜெராக்ஸ் மிஷினைக் கொண்டு எங்கும் பரப்பினார்கள். ஒரே பிரதியை ஊர் முழுக்கச் சுற்றவிட்ட நம்மூர்க் கையெழுத்துப் பத்திரிகைக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதில் நாடகம் வந்தால் அது படிப்பதற்கு. இதில் வருவது செய்வதற்கு.

எப்படி நடக்கும்? ஒரு புத்தகத்தை இருவரிடம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கம், சமையலறை மேசையில் எதிரெதிரே உட்காரச் சொல்கிறது. இரண்டாம் பக்கம் ஒருவருக்கு ஒரு வசனம் தருகிறது. மற்றவர் பதில் சொல்லாமல் குழாயைத் திறக்க வேண்டும். மூன்றாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இருவருக்குமே தெரியாது. ஒத்திகை கிடையாது, மனப்பாடம் கிடையாது. திரையை இழுக்கும் வேலை பக்கத்தைப் புரட்டும் விரலுக்கு வந்துவிடுகிறது. அரங்கில் எல்லோருக்கும் பொதுவாக ஓடும் காலம் இங்கே படிப்பவர் வேகத்துக்கு ஓடும். எழுந்து போய் காபி போட்டுக்கொண்டு வந்தும் நாடகத்தைத் தொடரலாம்.

இதன் வேரைத் தேடினால் நியூயார்க்கில் ஒரு வகுப்பறைக்குப் போக வேண்டும். 1950களின் கடைசியில் ‘நியூ ஸ்கூல்’ நிறுவனத்தில் ஜான் கேஜ் இசையமைப்புப் பாடம் எடுத்தார். மாணவர்களில் ஒருவர் ஜார்ஜ் பிரெக்ட், தொழில்முறை வேதியியலாளர். இசைக்குறிப்பு எழுத வேண்டிய இடத்தில் இவர் சின்னச் சின்ன அட்டைகளில் ஓரிரு வரி எழுதி நண்பர்களுக்குத் தபாலில் அனுப்ப ஆரம்பித்தார். தண்ணீர் சொட்டும் ஏதோ ஒன்று, கீழே ஒரு காலிப் பாத்திரம், கச்சேரி அவ்வளவுதான். இந்த அட்டைகளைத்தான் ‘ஃப்ளக்சஸ்’ கலை இயக்கத்தின் ஜார்ஜ் மச்சியூனஸ் 1963இல் ‘வாட்டர் யாம்’ என்ற பெட்டியாக வெளியிட்டார். சமையலறைக் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தாலே பிரெக்ட்டின் கச்சேரி நடந்துவிட்டதாகக் கொள்ளலாம். அவரும் அதைத்தான் விரும்பினார்.

மறு வருஷம் டோக்கியோவில் யோகோ ஓனோ தன் குறிப்புகளை ‘கிரேப்ஃப்ரூட்’ என்ற பெயரில் தானே அச்சிட்டார், 500 பிரதிகள். அதில் பாதிக்கு மேல் செய்யவே முடியாத காரியங்கள் என்று தோன்றும். பூமி சுழலும் ஓசையைக் கேட்கச் சொன்னால் எந்தக் காதால் கேட்பது? ஆனாலும் படித்தவர் ஒரு நொடி காதைத் தீட்டத்தான் செய்வார். அந்த நொடிதான் அரங்கேற்றம். (‘இமேஜின்’ பாட்டுக்கு விதை இந்தப் புத்தகத்தில்தான் இருந்தது என்று ஜான் லென்னனே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.)

இவர்களில் எனக்குப் பிடித்தவர் கலைஞர் அலிசன் நோல்ஸ். 1960களின் பிற்பகுதியில் அவர் தினமும் ஒரே உணவகத்தில் ஒரே மதிய உணவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்: கோதுமை ரொட்டி டோஸ்ட்டில் வெண்ணெய் தடவி லெட்யூஸ் இலை வைத்த டூனா மீன் சாண்ட்விச், மயோனைஸ் கூடாது, கூடவே பெரிய டம்ளரில் மோர் அல்லது ஒரு கப் சூப். இதைக் கவனித்துச் சொன்னவர் இசையமைப்பாளரான நண்பர் ஃபிலிப் கார்னர். சொன்ன பிறகு பழக்கம் பிரதியாகிவிட்டது. நண்பர்கள் போய் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு, என்ன நடந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். 1971இல் அது புத்தகமாக வந்தது. மச்சியூனஸ் எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு அடித்துக் குடித்தார் என்பது இந்த வட்டாரத்தில் புகழ்பெற்ற கதை. நோல்ஸின் கணவர் டிக் ஹிக்கின்ஸ் நடத்திய ‘சம்திங் எல்ஸ் பிரஸ்’, 1965 முதல் 1967 வரை ‘கிரேட் பேர்’ என்ற வரிசையில் 20 மலிவுப் பிரசுரங்களைக் கொண்டுவந்தது. நோல்ஸின் குறிப்புகளும் அதில் உண்டு. நாடகப் பிரதியைப் பலசரக்குச் சாமான் மாதிரி மலிவாக்கியது அவர்கள் செய்த பெரிய காரியம்.

பார்ப்பவர் இல்லாவிட்டால் அது எப்படி நாடகமாகும் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு பிரெக்ட்டிடம் பதில் இருக்கிறது. நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட், ஜார்ஜுக்கு உறவில்லை. 1929 ஜூலையில் ஜெர்மனியின் பாடன்-பாடன் இசை விழாவில் அவர் ‘லிண்ட்பர்க்கின் பறத்தல்’ என்ற வானொலி நாடகத்தைக் காட்டினார். மேடையின் ஒரு பக்கம் ‘வானொலி’: இசைக்குழு, பாடகர்கள். மறுபக்கம் ‘கேட்பவர்’: கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு, கையில் பிரதியோடு ஓர் ஆள். மூடுபனியும் கடலும் தூக்கமும் வானொலியில் வரும். விமானி லிண்ட்பர்க்கின் பங்கை வீட்டில் இருப்பவர் பாடிப் பேசி நிரப்ப வேண்டும். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரை உழைப்பாளியாக மாற்றுவது அவர் திட்டம். இந்த வகைப் ‘போதனை நாடகங்கள்’ பார்ப்பவருக்காக அல்ல, நடிப்பவர் கற்றுக்கொள்வதற்காக என்று அவர் வாதாடினார். லிண்ட்பர்க் நாஜிகளோடு நெருங்கியதால் 1950இல் விமானியின் பெயரையே பிரதியிலிருந்து எடுத்துவிட்டார் என்பது தனிக் கதை.

அண்மைக் காலத்தில் இந்த வழியில் நான் மிக உயரத்தில் வைப்பது ‘தி குவயட் வால்யூம்’. பிரிட்டனின் ஆன்ட் ஹாம்ப்டனும் டிம் எட்செல்ஸும் 2010இல் உருவாக்கியது. நடக்கும் இடம் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நூலகம். சுற்றிலும் மாணவர்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நாடகம் நடப்பதே தெரியாது. ஒரு காட்சிக்கு இரண்டே பேர். பக்கத்துப் பக்கத்து நாற்காலி, காதில் ஹெட்ஃபோன், முன்னால் ஒரு நோட்டும் புத்தக அடுக்கும். காதில் ஒரு கிசுகிசுப்பு வழிநடத்தும், நோட்டில் உள்ள எழுத்தும் வழிநடத்தும். உங்கள் விரல் வரியைத் தொட்டுக்கொண்டு போக, பக்கத்தில் இருப்பவர் படிப்பார். இஷிகுரோ, சரமாகோ, அகோதா கிறிஸ்டோஃப் ஆகியோரின் நாவல்கள் மேசையில் இருக்கும். மௌன வாசிப்பு என்று நாம் நினைப்பது எவ்வளவு சத்தம் நிறைந்தது, மனசுக்குள் படிக்கும் குரல் யாருடையது என்பதுதான் கதை. வேறு கதாபாத்திரம் இல்லை. பக்கத்தில் ஒரு அந்நியர் இருப்பதே அதை நாடகமாக்கிவிடுகிறது.

இந்த வகை நாடகத்தின் நிஜமான கரு கீழ்ப்படிதல் என்று எனக்குத் தோன்றுகிறது. மேடை நடிகர் பாதிக் காட்சியில் “மாட்டேன்” என்று சொல்ல முடியாது. தாளோடு தனியாக இருப்பவர் சொல்லலாம். யாரும் கேட்கப் போவதில்லை. படிப்பதற்கும் செய்வதற்கும் நடுவே ஒரு தயக்கம் விழுகிறதே, அங்கேதான் நாடகம் இருக்கிறது. ‘எழுந்து நில்’ என்று அச்சிட்ட வரியைப் படித்து ஒருவர் எழுந்து நிற்கிறார். ஏன் நின்றார்?

இரானிய எழுத்தாளர் நஸீம் சொலைமான்பூர் இந்தக் கேள்வியைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனார். கட்டாய ராணுவ சேவையை மறுத்ததால் அவருக்கு பாஸ்போர்ட் கிடையாது. ஆகவே பிரதியை மட்டும் உலகத்துக்கு அனுப்பினார். ‘வெள்ளை முயல், சிவப்பு முயல்’ 2011இல் எடின்பரோவில் மேடையேறியது. இயக்குநர் இல்லை, ஒத்திகை இல்லை. ஒவ்வொரு இரவும் ஒரு புது நடிகர் மேடையில் உறையைப் பிரித்து முதன்முறையாகப் படிக்கிறார். பார்வையாளர்களும் பிரதி சொல்வதைச் செய்கிறார்கள். கதையை வெளியே சொல்வதில்லை என்பது பார்த்தவர்கள் காக்கும் மரியாதை, நானும் காக்கிறேன். தன் நாடகத்தை அவர் முதன்முதலில் பார்த்தது 2013இல், பாஸ்போர்ட் கிடைத்த பிறகு, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில். விமானம் ஏற முடியாத எழுத்தாளருக்கு பதிலாகத் தாள் போய் வந்தது. குட்டிப் புத்தக நாடகத்தின் பலத்துக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

பலவீனமும் உண்டு. இந்த வகையில் வருவதில் ஏராளமானவை தியான வகுப்புக் கையேடு மாதிரி இருக்கின்றன. கண்ணை மூடு, மூச்சை இழு, சின்ன வயசு வீட்டை நினைத்துப் பார்: இதற்கு நாடகம் எதற்கு? பார்வையாளருக்கு விடுதலை கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு, எழுத்தாளர் எட்டுப் பக்கமும் அதிகாரம் செய்கிறார். ஷியோமியும் நோல்ஸும் தப்பிப்பதற்குக் காரணம் சுலபமானது. அவர்கள் என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்டார்கள். பதில் வராத உத்தரவு வெறும் உத்தரவுதான்.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு தாளும் கத்தரிக்கோலும் போதும். இரண்டு பேருக்காக எழுதுங்கள், ஒருவருக்காக வேண்டாம். பக்கத்துக்கு இரண்டு வரி மேல் போகாதீர்கள். உணர்ச்சியை எழுதாதீர்கள், கையும் காலும் செய்யக்கூடியதை எழுதுங்கள். படிப்பவர் மறுத்துவிடக்கூடிய ஒரு பக்கமாவது இருக்கட்டும். கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டு, நடந்ததை அதில் எழுதித் திருப்பித் தரச் சொல்லுங்கள்.