கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்கு விடியோ வழி அறிவியல்: ஹைதராபாத் அனுபவம் தரும் பாடம்

புது தில்லி: எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் மாணவனால் அறிவியலைப் புரிந்துகொள்ள முடியாது என்பதில்லை. பாடப் புத்தகத்தின் பத்திதான் பல நேரங்களில் அவனுக்குத் தடையாக நிற்கிறது. தாவரம் உணவு தயாரிக்கும் முறையைத் தமிழ்ப் பாடநூல் "ஒளிச்சேர்க்கை" என்கிறது. தெலங்கானாவின் தெலுங்கு வழி மாணவனோ "கிரணஜன்ய சம்யோக கிரிய" என்று கூட்டெழுத்துகள் நிறைந்த தொடரை வாசித்தாக வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள குழந்தையின் ஆற்றல் அந்தச் சொல்லிலேயே செலவாகி விடுகிறது. இலைக்குள் நடப்பதை அறிய எஞ்சுவது குறைவு.

இக்குறைபாடு அறிவுத்திறன் குறைபாட்டிலிருந்து வேறானது. அறிவுத்திறன் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் செகந்திராபாதில் 1984-லேயே தொடங்கப்பட்டது. கற்றல் குறைபாட்டுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைக்க அதன் பிறகு 30 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

அரை நூற்றாண்டு அனுபவம்: காட்சி வழிக் கல்வி ஹைதராபாதுக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு காலம், ஆந்திரம் உள்பட 6 மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியே கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. அவற்றைத் தயாரித்த மையங்களுள் ஹைதராபாதும் ஒன்று. கரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2020 செப்டம்பர் 1 முதல் டி-சாட், தூர்தர்ஷன் யாதகிரி அலைவரிசைகளில் பாடங்கள் நடத்தப்பட்டன.

ஆனால், ஒளிபரப்பு அனைவருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவது. கற்றல் குறைபாடுள்ள மாணவனுக்குத் தேவைப்படுவது நிறுத்தவும், பின்னோக்கிச் சென்று மீண்டும் பார்க்கவும் கூடிய பதிவு. அதிலும் சில நியதிகள் உண்டு. ஒரு விடியோவில் ஒரு கருத்து மட்டுமே இருக்க வேண்டும். காட்சியும் குரல் விளக்கமும் ஒரே நேரத்தில் வர வேண்டும். திரை நிறைய எழுத்துகளைக் காட்டினால் பாடப் புத்தகத்தின் சிக்கலே திரும்பி வரும். கலைச்சொல்லை மட்டும் பெரிய எழுத்தில், அசை பிரித்து, ஒலியுடன் காட்டினால் போதும். பின்னர், ஆசிரியர் வாய்மொழியாகக் கேள்வி கேட்டு, மின்கலமும் விளக்கும் கொண்ட எளிய சோதனையைச் செய்ய வைத்தால்தான் பார்த்தது மனதில் நிற்கும். ஆசிரியருக்கு விடியோ துணையாகலாமே தவிர, மாற்றாகாது.

சட்டம் சொல்வது: 1995-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 7 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. மாநிலங்களவையில் 2016 டிசம்பர் 14-லும், மக்களவையில் 16-லும் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வகைகளை 21 ஆக உயர்த்தி இதனையும் சேர்த்தது. 2017 ஏப்ரல் 19-இல் அது நடைமுறைக்கு வந்தது. இக்குறைபாட்டை விரைவாகக் கண்டறிந்து, உரிய கற்பித்தல் முறைகளைக் கையாளுவது கல்வி நிலையங்களின் கடமை என்கிறது 16-ஆவது பிரிவு. பாடத்திட்டத்திலும் தேர்விலும் உரிய மாற்றங்கள், கூடுதல் நேரம், எழுதுவதற்கு உதவியாளர் ஆகியவற்றுக்கு 17-ஆவது பிரிவு வழிவகுக்கிறது.

முதல் தடை கண்டறிவதில்தான் உள்ளது. சக்கர நாற்காலியோ காது கேட்கும் கருவியோ போல வெளியே தெரியும் அடையாளம் இதற்குக் கிடையாது. சோம்பல் என்றே வீட்டிலும் பள்ளியிலும் பெயர் சூட்டப்படுகிறது. இந்திய மொழிகளில் டிஸ்லெக்சியாவைக் கண்டறியும் "டாலி" கருவியை மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் வெளியிட்டது. பள்ளி ஆசிரியர்களே முதற்கட்டச் சோதனை நடத்த உதவும் "பிரசஸ்த்" செயலியை என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் அறிமுகப்படுத்தியது.

கண்டறிதல், கற்பித்தல், தேர்வு ஆகிய மூன்றும் இணைந்தால்தான் பயன் கிட்டும். விடியோ பார்த்து ரத்த ஓட்டத்தைப் பிழையின்றி விளக்கும் மாணவியிடம், தேர்வறையில் பிழையற்ற எழுத்தை மட்டும் எதிர்பார்த்தால், அவள் கற்ற அறிவியல் மதிப்பெண் பட்டியலுக்கு வந்து சேராது.