பிப்ரவரியில் மட்டும் ஏன் 300?

பிப்ரவரிச் சம்பளம் ஏறியதும் என் மேசைக்கு ஆள் வந்துவிடும். "அக்கா, மாசா மாசம் 200தானே பிடிப்பீங்க, இப்ப ஏன் 300?" புனேயின் ஹடப்சர் மகர்பட்டா சிட்டியில் ஒரு ஐ.டி. நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். கேட்பவர்களில் பலர் நம்மூர்ப் பிள்ளைகள். அவர்கள் கேட்பது தொழில் வரியைப் பற்றி. பதினொரு மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் 300, ஆக 2,500. ஒரு மாநிலத்தில் ஒருவரிடம் ஆண்டுக்கு அதற்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 276ஆம் பிரிவு. 1988இல் திருத்தும்வரை உச்சவரம்பு 250தான்.

வருமான வரி மத்திய அரசுக்குப் போவதால் அதில் எந்த மாநிலத்துக்கு என்ற பேச்சே இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்களும் வருமான வரி வாங்குகின்றன. கொரோனாவில் நியூ ஹாம்ப்ஷயர் வீடுகளிலிருந்து வேலை பார்த்தவர்களிடம், பழைய அலுவலகம் இங்கேதான் என்று மாசசூசெட்ஸ் வரி கேட்டது. 2020இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மறு ஆண்டு நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது.

நமக்கு அந்த இழுபறி தொழில் வரியில்தான். ஆதார் முகவரியோ சொந்த ஊரோ கணக்கில்லை. எங்கே வேலை பார்க்கிறோமோ அங்கே வரி. மகாராஷ்டிரத்தில் அது மாநில ஜி.எஸ்.டி. துறைக்குப் போகும். கிராமத்து வேலை உறுதித் திட்டத்துக்குப் பணம் திரட்டவே 1975இல் இங்கே கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிக்கு, அரையாண்டுக்கு ஒருமுறை. சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000ஐத் தாண்டினால் 1,250. கூட்டினால் அங்கேயும் 2,500! ஆனாலும் எங்கள் நிறுவனத்துக்குச் சென்னை வேளச்சேரி வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரின் பணம் சென்னை மாநகராட்சிக்குப் போவதுதான் முறை.

சிக்கல் மாற்றலில். சென்னையிலிருந்து ஆகஸ்டில் இங்கே வந்த பெண்ணுக்கு அங்கே அரையாண்டு வரி முழுசாகப் பிடித்திருந்தார்கள். செப்டம்பரிலிருந்து நான் 200 பிடித்தேன். "ரெண்டு பக்கமுமா?" என்றாள். ஆமாம். உச்சவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் தனி. அங்கே முழுசாகப் பிடித்ததும் சரிதான்; அந்த அரையாண்டில் அதுவரை வாங்கிய சம்பளமே 75,000ஐத் தாண்டியிருந்தது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் இரண்டையும் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் ஆறுதல்.

ஊர் மாறினால், வீட்டிலிருந்து வேலைக்கு அனுமதி வாங்கினால், எந்த ஊரில் என்று எச்.ஆருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். வாய்ச்சொல் சம்பளப் பிரிவுக்கு வந்து சேராது. மகாராஷ்டிரத்தில் மாதம் 25,000 வரை வாங்கும் பெண்களுக்கு 2023 ஏப்ரலிலிருந்து தொழில் வரியே கிடையாது. உங்கள் பே ஸ்லிப்பில் பிடித்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.