ஓர் எண், அறுபத்து நான்கு வீடு

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய பேச்சு. கொட்டகையில் கேமரா மாட்டியாயிற்று, பைபர் இணைப்பும் வந்துவிட்டது. வெளியூரிலிருந்து செல்போனில் பண்ணையைப் பார்க்க நினைத்தால், கேமரா கம்பெனியின் ஆப் வழியாகத்தான் பார்க்க முடிகிறது. நேராகத் தன் கேமராப் பெட்டியோடு பேச வேண்டுமென்றால், “ஸ்டாட்டிக் ஐபி வாங்கிக்குங்க, அதுக்குத் தனிக் காசு” என்பார் லைன் கொடுத்தவர். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவரும் பள்ளிபாளையத்தில் தறிக்கூடம் நடத்துபவரும் இதே பதிலைக் கேட்டிருப்பார்கள். மாதக் கட்டணம்தான் கட்டுகிறோமே, ஓர் எண்ணுக்கு எதற்கு இன்னொரு கட்டணம்?

அந்த எண், அதாவது இணைய முகவரி, தீர்ந்துபோய்விட்டது என்பதுதான் காரணம். உலகம் முழுவதற்கும் இணைய முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும் மையக் கிடங்கில் கடைசி ஐந்து பெரிய தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து கண்டப் பதிவகங்களுக்கு ஆளுக்கொன்றாகப் பங்கிடப்பட்டன. ஆசிய-பசிபிக் பதிவகம் அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று தன் கடைசித் தொகுதியைத் தொட்டு, ரேஷன் முறைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து நாம் இருப்பதைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இணையத்தில் எதுவும் முழுசாகப் போவதில்லை. வீடியோவோ வாட்ஸ்அப் செய்தியோ சிறுசிறு பொட்டலங்களாக உடைந்துதான் போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் அனுப்புபவர் எண்ணும் பெறுபவர் எண்ணும் இருக்கும். வழியிலுள்ள ரவுட்டர்கள் பெறுபவர் எண்ணைப் படித்துப் பொட்டலத்தை அடுத்த ரவுட்டரிடம் தள்ளிவிடும். இன்றும் புழக்கத்தில் இருக்கும் பழைய விதிமுறைக்கு ஐபிவி4 என்று பெயர். அது 1981 செப்டம்பரில் எழுதி வெளியிடப்பட்டது. அதில் முகவரிக்கு ஒதுக்கிய இடம் 32 பிட். அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 எண்கள். 32 பிட் போதும் என்ற முடிவை, இணைய விதிமுறையை வடிவமைத்தவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப் 1977-ஆம் ஆண்டிலேயே எடுத்தார். அப்போது அது ஒரு சோதனை வலையமைப்பு. உலக மக்கள்தொகையே ஏறக்குறைய 420 கோடிதான். சோதனை முடிந்ததும் சரியான ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்ததாக அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சோதனைதான் முடியவில்லை.

எண் பற்றாக்குறை நமக்குப் புதிதல்ல. 2000-களின் தொடக்கத்தில் சேலத்திலும் நாமக்கல்லிலும் லேண்ட்லைன் எண்களுக்கு முன்னால் ஒரு 2 சேர்த்தார்கள். ஒரு வாரம் தவறாகச் சுழற்றினோம், பிறகு பழகிவிட்டது. இணைய முகவரியில் அப்படி ஓர் இலக்கத்தை முன்னால் ஒட்ட முடியாது. பொட்டலத்தின் தலைப்பில் முகவரிக் கட்டம் 32 பிட் அகலத்தில் அளந்து அடித்தது. உலகிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் ஒவ்வொரு கணினியும் அந்த அகலத்தையே எதிர்பார்த்து நிற்கின்றன. கட்டத்தை அகலப்படுத்தினால் அது வேறொரு விதிமுறை; பழைய கருவிக்குப் புரியாது. புதிய விதிமுறைக்கு மாறும் வேலை முப்பது ஆண்டாக இழுத்துக்கொண்டிருப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

பங்கீடு நடந்த விதமும் நமக்குச் சாதகமாக இல்லை. தொடக்க காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடி என்ற ஒரே கல்வி நிறுவனத்திடம் 1 கோடியே 67 லட்சம் முகவரிகள் இருந்தன. போர்டு கார் கம்பெனிக்கும் ஆப்பிளுக்கும் அதே அளவு கிடைத்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். அதற்குள் தாராளமான காலம் முடிந்துவிட்டது. 140 கோடிப் பேர் வாழும் இந்த நாட்டின் மொத்தக் கையிருப்பு இன்றும் சுமார் 4 கோடி முகவரிகள். எம்ஐடி தன்னிடமிருந்ததில் பாதியளவை 2017-இல் அமேசானுக்கு விற்றது. ஆம், இப்போது இதற்குச் சந்தையே இருக்கிறது. 2011-இல் நார்ட்டெல் நிறுவனம் திவாலானபோது மைக்ரோசாப்ட் அதனிடமிருந்து 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஓர் எண் 11 டாலர் 25 சென்ட். பத்தே ஆண்டில் விலை ஐம்பது டாலர் வரை ஏறியது. முதலில் கேட்டவருக்கு இலவசமாகப் போனதை, பின்னால் வந்தவர் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ ஒருவர் புதிதாக இணைய நிறுவனம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். கேபிள் டிவி நடத்தியவர்கள் பலர் நம் பக்கம் அப்படித்தான் பைபர் லைன் தொழிலுக்கு வந்தார்கள். ஆசிய-பசிபிக் பகுதியில் புதிதாக வருபவருக்கு 2011-க்குப் பிறகு அதிகபட்சம் 1,024 முகவரிகள் என்று இருந்தது. 2019-இல் அதையும் 512 ஆகக் குறைத்துவிட்டார்கள். இருபதாயிரம் வீடுகளுக்கு லைன் இழுக்க நினைப்பவர் கையில் 512 எண்கள்.

எப்படிச் சமாளிக்கிறார்? அலுவலகத்தில் ஒரே தொலைபேசி எண்ணை வைத்துக்கொண்டு உள்ளே எக்ஸ்டென்ஷன் கொடுப்பது போல. 1994-லேயே வந்துவிட்ட இந்த ஏற்பாட்டுக்கு நாட் என்று பெயர். வீட்டிலுள்ள செல்போன், டிவி, கேமரா எல்லாவற்றுக்கும் ரவுட்டர் 192.168 என்று தொடங்கும் உள்எண்ணைக் கொடுக்கும். வெளியே போகும்போது எல்லாம் ஒரே பொது எண்ணில் போகும். எது யாருடையது என்று நினைவில் வைக்க, ஒவ்வொரு உரையாடலுக்கும் ரவுட்டர் ஒரு போர்ட் எண் ஒட்டுகிறது. ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்கள் உண்டு.

வீட்டளவில் இது போதுமாக இருந்தது. எண்கள் தீர்ந்த பிறகு இதே வேலையை லைன் கொடுப்பவரும் தன் இடத்தில் இன்னொரு முறை செய்யத் தொடங்கினார். அதற்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரை ஒரு தொகுதியை ஒதுக்கினார்கள். உங்கள் வீட்டு ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து ‘வேன்’ முகவரி என்று போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால் உங்களுக்கென்று பொது எண் கிடையாது. பக்கத்து வீடுகளோடு பங்கு. 64 வீடுகளுக்கு ஓர் எண் என்று வைத்தால் வீட்டுக்கு 1,024 போர்ட்கள் வரும்; 512 எண்களில் 32,768 வீடுகளை அடக்கிவிடலாம். கணக்கு கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் நாலு செல்போனும் ஒரு டிவியும் ஒரே நேரத்தில் ஓடினால் சில நூறு உரையாடல்கள் திறந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கச்சிதத்தில் இறுக்கம் தெரியும்.

இதில் நாம் இழந்தது வேகத்தை அல்ல. நாம் யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம், நம்மை யாரும் கூப்பிட முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டோம். உள்ளிருந்து கேட்டால் பதில் வரும். வெளியிலிருந்து தானாக வரும் பொட்டலம் அறுபத்து நான்கு வீடுகளில் எதற்கு என்று லைன் கொடுப்பவரின் நாட் பெட்டிக்குத் தெரியாது, கீழே போட்டுவிடும். பண்ணைக் கேமராவுக்கு இதுதான் தடை. ஆகவே கேமரா எங்கோ உள்ள கம்பெனி சர்வரைத் தானே போய்க் கூப்பிட்டுத் தொடர்பைத் திறந்து வைக்கிறது. நாம் ஆப்பில் அதே சர்வரைக் கூப்பிடுகிறோம். அந்த சர்வர் இரு பக்கத்தையும் கோத்துவிடுகிறது; கோக்க முடியாதபோது படமே அதன் வழியாகத்தான் வருகிறது. பரமத்திவேலூரில் இருக்கும் சொந்தக் கொட்டகையை மோகனூரில் இருந்து பார்க்க, யாருடைய தயவோ வேண்டியிருக்கிறது. கம்பெனி சேவையை நிறுத்தினால் கேமரா குருடு.

லாரித் தொழிலிலும் இதன் நிழல் உண்டு. நாமக்கல் லாரிகளிலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளிலும் பொருத்தும் ஜிபிஎஸ் கருவி தானே சர்வரைத் தேடிப் போய்ச் சொல்லும் வகை. அதற்குப் பொது எண் தேவையில்லை. ஆனால் நடுவிலுள்ள நாட் பெட்டி, கொஞ்ச நேரம் பேச்சில்லாவிட்டால் அந்தத் தொடர்பை மறந்துவிடும். அதனால் சொல்ல ஒன்றுமில்லாதபோதும் ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று கருவி சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரியும் டேட்டாவும் இதற்கே கரையும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அறுபத்து நான்கு வீடுகளில் ஒருவர் ஏதேனும் தளத்தில் தகராறு செய்தால், தடை அந்த எண்ணுக்கு விழும். மீதி அறுபத்து மூன்று வீடுகளும் சேர்ந்து மாட்டும். போலீஸ் விசாரணைக்கு முகவரி மட்டும் போதாது. போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் வேண்டும். அதற்காக லைன் கொடுப்பவர் ஒவ்வொரு உரையாடலையும் பதிந்து சேமிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சேமிப்புச் செலவு கடைசியில் நம் மாதக் கட்டணத்தில்தான் ஏறுகிறது.

சரியான தீர்வு 1995 டிசம்பரிலேயே எழுதப்பட்டுவிட்டது. விஎஸ்என்எல் இங்கே கடை திறந்து நாலே மாதம். ஸ்டீவ் டீரிங், பாப் ஹிண்டன் இருவரும் எழுதிய ஐபிவி6-இல் முகவரிக் கட்டம் 128 பிட். எழுதினால் 39 இலக்கம் வரும் எண்ணிக்கை அது. அதை மனத்தில் நிறுத்த முயல வேண்டாம், வேறொன்றைப் பாருங்கள். ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் மிகச் சிறிய ஒதுக்கீட்டிலேயே, பழைய உலகம் முழுவதற்கும் இருந்த 429 கோடி முகவரிகளைப் போல 429 கோடி மடங்கு இருக்கிறது. சிறிய இணைய நிறுவனத்துக்குக் கிடைக்கும் சாதாரண முதல் ஒதுக்கீட்டைக் கொண்டு, தாராளமான அளவில் பிரித்தாலும் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் வீடுகளுக்கு விநியோகிக்கலாம். பங்கு போட வேண்டாம். ஒவ்வொரு கேமராவுக்கும் சொந்த எண்.

இந்தப் புதிய எண் உங்கள் சட்டைப்பையில் இப்போதே இருக்கக்கூடும். செல்போனில் மொபைல் டேட்டாவை இயக்கி, செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்தில் ஐபி முகவரி என்ற வரியைப் பாருங்கள். இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்து, நடுநடுவே முக்காற்புள்ளி வைத்த நீளமான ஒன்று தெரிந்தால் அதுதான் ஐபிவி6. தமிழ்நாட்டு ஜியோவில் பெரும்பாலும் 2409:4072 என்று தொடங்கும், ஏர்டெல்லில் 2401:4900. கூடவே 192.0.0.4 என்று ஒன்றும் தெரிந்தால், பழைய எண் மட்டும் புரியும் ஆப்களுக்காகப் போன் தனக்குள்ளேயே வைத்திருக்கும் ஒப்புக்கு ஒரு முகவரி அது. அப்படியானால் போனுக்கு நிறுவனம் கொடுப்பது புதிய எண் மட்டும். பழைய தளம் எதையாவது நீங்கள் திறந்தால், போனும் நிறுவனத்தின் மொழிபெயர்ப்புக் கருவியும் சேர்ந்து பொட்டலத்தின் தலைப்பை மாற்றி எழுதிவிடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இந்த மாற்றத்தை இந்தியாவில் முன்னே தள்ளியது இல்லாமைதான். 2016 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ஜியோ, அடுத்த பிப்ரவரிக்குள் பத்துக் கோடி வாடிக்கையாளர்களைத் தொட்டது. நாட்டின் மொத்தப் பழைய முகவரியே சுமார் 4 கோடி என்றால், பழைய வழியில் போக வாய்ப்பே இல்லை. தொடக்கம் முதலே ஐபிவி6-இல் கட்டினார்கள்; மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள். இன்று கூகுளைத் தொடும் இந்தியப் பயனர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் புதிய முகவரியில் வருகிறார்கள். உலக அளவில் அது பாதியை ஒட்டித்தான் நிற்கிறது. கைநிறைய எண் வைத்திருந்த நாடுகள் பல நமக்குப் பின்னால் இருக்கின்றன.

செல்போனில் வந்தது வீட்டு லைனில் ஏன் எல்லா இடத்திலும் வரவில்லை? தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையில் முதல் வழிவரைபடம் வெளியிட்டது. 2013-இல் வெளியான இரண்டாவது வரைபடம், 2014 ஜூன் 30-க்குப் பிறகு கொடுக்கும் புதிய வீட்டுக் கம்பி இணைப்புகள் ஐபிவி6-க்குத் தயாராக இருக்க வேண்டும் என்றது. கெடு தள்ளிப்போய், 2022 டிசம்பர் 31 என்று மீண்டும் ஒன்று வைத்தார்கள். ஊர் அளவில் லைன் நடத்துபவரின் நிலைமையையும் பார்க்க வேண்டும். புதியதைக் கொடுத்தாலும் பழையதை நிறுத்த முடியாது. இரண்டையும் ஒரே கம்பியில் ஓட்ட வேண்டும். பழைய ரவுட்டர்களை மாற்றவோ அவற்றின் மென்பொருளைப் புதுப்பிக்கவோ வேண்டும். இரவு பதினோரு மணிக்கு லைன் போனால் போய்ப் பார்க்கும் பையனுக்கு இரண்டு விதிமுறையும் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு செய்தும் வாடிக்கையாளர் யாரும் கேட்பதில்லை. கேட்காததற்கு அவர் ஏன் செலவழிப்பார்?

எல்லாக் கருவிக்கும் சொந்த எண் என்றால் திருடனுக்கும் வழி திறக்குமே என்ற பயம் நியாயமானது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனி வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் பெரிய தளங்களையே முடக்கியது. அவை மாட்டியது பழைய முகவரியில்தான். 429 கோடி எண்களையும் வேகமான ஒரே லைனிலிருந்து முக்கால் மணி நேரத்தில் தட்டிப் பார்த்துவிடலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013-லேயே காட்டினார்கள். ஐபிவி6-இல் ஒரே ஒரு வீட்டு ஒதுக்கீட்டைக்கூட அப்படித் தட்டித் தீர்க்க முடியாது. அதை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. காவல் செய்ய வேண்டியது ரவுட்டரின் ஃபயர்வால். வெளியிலிருந்து வருவதைத் தடுத்துவிட்டு, நாம் குறித்த கேமராவுக்கு மட்டும் வழிவிட அதைச் சொல்லி வைக்கலாம். கடவுச்சொல்லை மாற்றுவது எந்த விதிமுறையிலும் நம் வேலை.

லைன்காரரிடம் கேட்க வேண்டியது இரண்டு: ஐபிவி6 தருகிறீர்களா, வீட்டுக்குக் கொடுக்கும் தொகுதி மாறாமல் இருக்குமா. கேமராப் பெட்டி வாங்கும்போது அதன் நெட்வொர்க் அமைப்பில் ஐபிவி6 இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடலாம். கையிலிருக்கும் செல்போன் ஏற்கெனவே புதிய எண்ணில் இருந்து, பண்ணைப் பக்கமும் அது வந்துவிட்டால் இரண்டும் நேராகப் பேசிக்கொள்ளும்.

லைன் நடத்துபவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. இரவு எட்டு மணிக்கு மேல் வீடுகளில் ஓடுவது யூடியூப், பேஸ்புக், நெட்பிளிக்ஸ். மூன்றுமே பல ஆண்டுகளாக ஐபிவி6-இல் இருக்கின்றன. வீடுகளுக்கு அதைக் கொடுத்தால் அந்தப் போக்குவரத்து நாட் பெட்டியைத் தொடாமலே போய்விடும். பதிந்து வைக்க வேண்டிய உரையாடல்கள் குறையும், போர்ட் நெருக்கடி தணியும். கையிலுள்ள 512 எண்கள் பழைய தளங்களுக்கு மட்டும் போதுமானதாகிவிடும். இன்னும் ஆயிரம் வீடு சேர்ந்தாலும் அவர் சந்தைக்குப் போய் டாலர் விலையில் எண் வாங்க வேண்டியிருக்காது.