லீவு கேட்டால் வேலை போகுமோ?

புதுசா வந்த உறவுகள் வேலை தேடேக்க எங்களிட்டைக் கேட்கிற முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" இஞ்ச பலெர்மோவில வளர்ந்த எங்கட பிள்ளைகள் கேட்கிறது வேறை. "கொன்த்ராத்தோ போடுவீங்களோ? எத்தினை மணித்தியாலம்? லீவு எத்தினை நாள்?"

போன மாதம் ஒரு தாயும் மகளும் வந்திருந்தினம். மகளுக்கு 27 வயது. ஒரு வயோதிபரைப் பராமரிக்கிற வேலைக்குக் கதைக்கப் போய், கொன்த்ராத்தோ (எழுத்து ஒப்பந்தம்) கேட்டதால அந்த வேலை கிடைக்கேல்லை. "இவளுக்கு வாய் கூடிப் போச்சு டீச்சர்" என்றா தாய். நான் மகளின்ரை பக்கம்தான். தாய் முதல் 9 வருசம் ஒரு வீட்டில 'நேரோ'வில, அதாவது பதிவில்லாமல், வேலை செய்தவ. சிஞ்ஞோரா நல்ல மனுசி, நத்தாருக்கு உடுப்பும் குடுப்பா. அவ இறந்த பிறகு தாயின்ரை கையில ஒன்றுமில்லை. அந்த 9 வருசம் பென்சன் கணக்கிலையும் இல்லை.

வீட்டு வேலைக்கு இத்தாலியில தேசிய ஒப்பந்தம் ஒன்று இருக்கு. அதன்படி வருசத்துக்கு 26 வேலைநாள் சம்பளத்தோட லீவு. வீட்டிலேயே தங்கி வேலை செய்யிற ஆக்களுக்குக் கிழமைக்கு 36 மணித்தியாலம் ஓய்வு. அதில 24 மணித்தியாலம் ஞாயிற்றுக்கிழமை. காலமை சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மலை ஏறுறதுக்கு நீங்கள் ஒருத்தரிட்டையும் கெஞ்சத் தேவையில்லை. டிசம்பரில 'திரெதிச்சேசிமா', அதாவது 13ஆவது மாதச் சம்பளம். வேலை விடேக்க 'லிக்விதாசியோனே'. இது ஊரில கிராஜுவிற்றி மாதிரி, ஆனால் 5 வருசம் காத்திருக்கத் தேவையில்லை. சில மாதம் வேலை செய்தாலும் அந்த அளவுக்கு வரும். ஊரில ஈ.பி.எவ். கட்டுற மாதிரி, இஞ்ச முதலாளி 'இன்ப்ஸ்' நிறுவனத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருக்கா காசு கட்டவேணும். வேலை தொடங்க முதல்நாளே அங்கை பதியவும் வேணும்.

"நாங்கள் அகதி விண்ணப்பக்காரர்தானே, எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமோ?" பொருந்தும். விண்ணப்பம் பதிஞ்சு 60 நாளுக்குப் பிறகு நீங்கள் சட்டப்படி வேலை செய்யலாம். அப்ப உங்கட உரிமையும் மற்றவையின்ரை உரிமையும் ஒன்றுதான்.

கேட்கிற முறை இருக்கு. முதல்நாளே கணக்குப் பார்க்கத் தொடங்காதேங்கோ. வேலை என்ன, நேரம் என்ன என்று கதைச்சு முடிய, "சிஞ்ஞோரா, இன்ப்ஸில பதிவீங்களோ?" என்று மரியாதையாக் கேளுங்கோ. மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான். இப்பவே நேரோவில வேலை செய்யிற ஆக்கள் நாள், நேரம், வாங்கின காசு எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதுங்கோ. போனில வந்த செய்திகளை அழிக்காதேங்கோ. பத்ரோனாத்தோ அலுவலகங்களில ஆலோசனை கேட்கலாம். தனியாப் போகப் பயமெண்டால் நாங்களும் கூட வருவம்.

எழும்பிப் போகேக்க தாய் மெதுவாக் கேட்டா, "என்ரை அந்த 9 வருசக் காசை இனி எடுக்கேலாதோ?" லிக்விதாசியோனேயையும் சம்பள பாக்கியையும் வேலை முடிஞ்சு 5 வருசத்துக்குள்ள கேட்கவேணும். அவவுக்கு அந்தக் காலம் எப்பவோ கடந்திட்டுது.