சிறைக்குள் சிறுத்த பாண்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிறைக் கைதிக்குச் சோறு போட்டது யார்? குற்றவாளிகளுக்குப் பல சிறைகளில் நாளொன்றுக்கு ஒரு பென்னி, இரண்டு பென்னிக்குப் பாண் கிடைத்தது. கடனாளிகளுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. கடன் கொடுத்தவர் நாளுக்கு 4 பென்னி வரை கட்டவேண்டும் என 1759இல் சட்டம் வந்தது. ஆனால் அதைக் கேட்டு வழக்காடக் கைதியிடம் காசு ஏது?

1773இல் பெட்ஃபோர்ட்ஷயரின் ஷெரிப் ஆன ஜோன் ஹவார்ட், சிறைகளை நேரில் பார்த்து 1777இல் நூலாக எழுதினார். தானிய விலை ஏறியும் பென்னிக் கணக்கு மாறவில்லை. பாண்தான் சிறுத்தது என்று காட்டினார். தினம் ஒன்றரை இறாத்தல் நல்ல பாணாவது கொடுங்கள் என்றார். காசை அல்ல, வயிற்றைக் கணக்கிட்டவர் அவர்.